ஷட்டர் ஏற மறுக்கிறதா? ஸ்ப்ரிங்கைத் தொடாமல் நீங்களே பார்க்கக்கூடியவை

'தை மாத அறுவடை நேரம். விடியற்காலையில் டிராக்டரை எடுக்கப் போனால், கொட்டகை ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு மேல் ஏறவில்லை. மூன்று பேர் சேர்ந்து தூக்கியும் பயனில்லை. வயலில் அறுவடை மெஷின் காத்திருக்கிறது. நாமே கழற்றிச் சரிசெய்யலாமா?'

லால்குடி பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது. இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு நகர முடியாது. இதில் நாமே அரை நாளில் செய்துகொள்ளும் வேலையும் இருக்கிறது. தெரியாமல் கை வைத்தால் கையே போகும் வேலையும் இருக்கிறது. எது எது என்று பிரித்துத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

திருச்சிப் பக்கம் ஷட்டர் என்றால் விவசாயிக்கு முதலில் நினைவு வருவது முக்கொம்பு. 1836-ல் கட்டிய மேலணையின் கொள்ளிடம் பகுதியில், 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது ஷட்டர்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அங்கே பிறகு புதிய கதவணையே கட்டினார்கள். ஆற்று ஷட்டரைப் பார்த்துக்கொள்ள நீர்வளத் துறை இருக்கிறது. நம் கொட்டகை ஷட்டருக்கு நாம்தான் பொறுப்பு. ஆனால், அது மாட்டிக்கொள்ளும் நாள் வரை நாம் அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

டிராக்டர் கொட்டகை, உர அறை, நெல் குடோன் எல்லாவற்றிலும் இன்று சுருட்டு ஷட்டர்தான். ஸ்ரீரங்கத்தில் இரு பக்கம் விரியும் கதவுக்கு இடமில்லாத வீடுகளிலும் கார் நிறுத்தும் இடத்துக்கு இதையே போடுகிறார்கள். கொட்டகையானாலும் கார் ஷெட்டானாலும் கோளாறுகள் ஒன்றுதான்.

கனத்தைத் தூக்குவது உங்கள் கை அல்ல

பத்து அடிக்குப் பத்து அடி இரும்பு ஷட்டர், தகடு கொஞ்சம் கனமாக இருந்தால் நூறு கிலோவைத் தாண்டும். அதை ஒரே ஆள் எப்படித் தூக்குகிறார்? மேலே பெட்டிக்குள் இருக்கும் பைப்பில் ஸ்ப்ரிங் சுற்றியிருக்கிறது. ஷட்டரைக் கீழே இழுக்கும்போது அது முறுக்கேறுகிறது. மேலே தள்ளும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து, கனத்தில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. நாம் கொடுப்பது ஒரு தள்ளு மட்டும்தான்.

ஆகவே ஷட்டர் கனக்கிறது என்றால் காரணம் இரண்டில் ஒன்று. வழியில் ஏதோ பிடிக்கிறது. அல்லது ஸ்ப்ரிங் தன் வேலையைச் செய்யவில்லை. முதலாவது நம் வேலை. இரண்டாவது மெக்கானிக் வேலை.

எது கோளாறு என்று கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் பூட்டைப் பாருங்கள். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் ஒரு பக்கப் பூட்டின் நாக்கு முழுதாக உள்ளே போகாமல் இருக்க, அது தெரியாமல் நாலு பேர் முட்டித் தூக்கி அடித்தகட்டை வளைத்துவிடுவது உண்டு.

பூட்டு சரியென்றால், ஷட்டரை மெதுவாக இடுப்பு உயரத்துக்குத் தூக்குங்கள். கீழே கால் வைக்காமல், பிடியை முழுதாக விட்டுவிடாமல், கையைத் தளர்த்திப் பாருங்கள்.

ஏறக்குறைய அதே இடத்தில் நின்றால் ஸ்ப்ரிங் நன்றாக இருக்கிறது. கோளாறு வழித்தடத்தில்தான்.

கையை அழுத்திக்கொண்டு கீழே இறங்கினால் ஸ்ப்ரிங் தளர்ந்துவிட்டது, அல்லது இருக்கும் ஸ்ப்ரிங்குகளில் ஒன்று உடைந்திருக்கிறது.

கையை விட்டுத் தானே மேலே பாய்ந்தால் முறுக்கு அதிகம். இதுவும் ஆபத்துதான்.

முந்தின நாளோ இரவோ பெட்டிக்குள் 'டமார்' என்று ஒரு சத்தம் கேட்டு, அதன்பிறகு ஷட்டர் கனத்தால் சோதனையே வேண்டாம். ஸ்ப்ரிங் உடைந்துவிட்டது. தூக்கும் முயற்சியை நிறுத்துங்கள்.

நீங்களே செய்யக்கூடியவை

*பக்கச் சட்டத்தில் மண்:* இரு பக்கமும் ஷட்டர் ஓடும் சட்டத்தில் ஆற்று மணல், தவிட்டுத் தூசி, குளவிக் கூடு எல்லாம் சேர்ந்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். காய்ந்தபின் மெல்லிய எண்ணெய் ஒரு பூச்சு, அல்லது மெழுகுவத்தியைத் தேய்த்தாலே போதும். கிரீஸ் பூசாதீர்கள். தூசி அதில் ஒட்டி, சில வாரங்களில் களிம்பாக இறுகிவிடும். கிரீஸ் பேரிங்குக்கும் சங்கிலி கியருக்கும் மட்டும்தான்.

*ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் நின்றால்:* டிராக்டர் டிப்பர் சட்டத்தில் இடித்திருக்கும். இரு சட்டங்களுக்கு நடுவே உள்ள அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் டேப் வைத்து அளங்கள். தூக்குக்குண்டு விட்டும் பாருங்கள். உள்வாங்கிய இடத்தில் கட்டை வைத்துத் தட்டி நிமிர்த்தலாம். தகட்டுப் பட்டைகளில் ஏதாவது ஒரு பக்கமாக நகர்ந்திருந்தால் மரச் சுத்தியால் தட்டி வரிசைக்குக் கொண்டுவரலாம். பட்டையின் முனையிலுள்ள கிளிப் உடைந்திருந்தால் அது மீண்டும் நகரும். மெக்கானிக் வரும்போது மாற்றச் சொல்லுங்கள்.

*அடித்தகட்டில் துரு:* விவசாயி வீட்டு ஷட்டரின் முதல் எதிரி உர மூட்டை. பொட்டாஷில் உள்ள குளோரைடு உப்பு இரும்பை வேகமாக அரிக்கும். யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். மூட்டைகளை ஷட்டரிலிருந்து இரண்டு அடி தள்ளி, மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். சிந்திய உரத்தை அன்றே கூட்டுங்கள். துருப்பிடித்த இடத்தை நீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே எனாமல் பெயின்ட் பூசுங்கள். வாசற்படியில் தண்ணீர் நின்றால் வெளிப்பக்கம் சரிவு வைத்துச் சிமென்ட் பூசுவதே நிரந்தர வழி.

நீங்கள் தொடவே கூடாதது

பெட்டிக்குள் இருக்கும் பைப், ஸ்ப்ரிங், அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட் போல்ட்டுகள். ஷட்டர் கீழே இருக்கும்போது ஸ்ப்ரிங் முழு முறுக்கில் இருக்கும். மேலே சுருட்டிய பிறகும் கொஞ்சம் முறுக்கு மிச்சம் இருக்கும். அந்த நிலையில் போல்ட்டைத் தளர்த்தினால் பைப் சுழன்று அடிக்கும். கையிலிருக்கும் ஸ்பேனர் பறக்கும். நிற்பதோ ஏணி மேல். விரல், மணிக்கட்டு, தலை எதுவும் தப்பாது.

திருச்சியில் வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பெல் ஆலையைச் சுற்றி துவாக்குடியிலும், இந்தப் பக்கம் அரியமங்கலத்திலும் இரும்பு வேலை தெரிந்தவர்கள் ஏராளம். ஆனால், கேட்டும் கிரில்லும் செய்பவர் எல்லாரும் ஸ்ப்ரிங் முறுக்கத் தெரிந்தவர் அல்ல. 'ஷட்டர் ஸ்ப்ரிங் மாற்றிப் பழக்கம் உண்டா?' என்று நேராகக் கேட்டுவிட்டு அழையுங்கள். கொட்டகையில் வெல்டிங் வைப்பதென்றால் வைக்கோல், சாக்கு, டீசல் கேன் எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

ஒரு ஸ்ப்ரிங் உடைந்தால் கூட இருப்பதும் அதே வயதுதான். சேர்த்தே மாற்றுவது நல்லது. வேலை முடிந்ததும் இடுப்பு உயரச் சோதனையை உங்கள் கண் முன்னே செய்து காட்டச் சொல்லுங்கள். சுவரில் பிராக்கெட் பிடிப்பு ஆடுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பைப் புதிதாக இருந்து செங்கல் தூண் விட்டுக்கொடுத்தால் எல்லாம் வீண்.

டிராக்டர் உள்ளே மாட்டிக்கொண்டால்?

லால்குடி வாசகருக்கு வருவோம். உங்கள் விவரத்தைப் பார்த்தால் ஸ்ப்ரிங் உடைந்ததாகவே தெரிகிறது. மெக்கானிக் வரும் வரை காத்திருப்பதுதான் பாதுகாப்பு. வாடகைக்கு வேறு டிராக்டர் எடுப்பது ஒரு நாள் செலவு, அவ்வளவுதான்.

வேறு வழியே இல்லையென்றால் ஆறு பேராவது வேண்டும். பெட்டிக்கு நேர் கீழே யாரும் நிற்காமல், இரு ஓரமும் சமமாகத் தூக்குங்கள். ஒவ்வொரு அடிக்கும் இரு ஓரத்திலும் கனமான சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்துக்கொண்டே போங்கள். இரு முட்டும் உறுதியாக நின்றபின் ஓட்டுநர் மட்டும் வண்டியை எடுக்கட்டும். முட்டை எடுத்து, கைத்தாங்கலாக ஷட்டரை இறக்கும் வரை ஒரு குழந்தையும் அந்தப் பக்கம் வரக் கூடாது.

குழந்தைகள் என்றதும் இன்னொன்று. பாதி ஏற்றிய ஷட்டரின் கீழே குனிந்து ஓடி விளையாடுவதும், அடித்தகட்டில் தொங்கியபடி மேலே போவதும் கிராமத்தில் நாம் பார்ப்பதுதான். ஸ்ப்ரிங் உடைவதற்கு நேரம் காலம் கிடையாது. ஷட்டர் ஒன்று முழுதாக மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் முழுதாகக் கீழே இருக்கட்டும்.

ஆனியில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அகலமான ஷட்டர் அந்தக் காற்றில் பாய்மரம் போல உப்பி, சட்டத்தை விட்டு வெளியே வந்துவிடும். அதனால் ஆனியிலேயே சட்டத்தைத் துடைத்து, கிளிப்புகளைப் பார்த்து, இரு பக்கப் பூட்டும் விழுகிறதா என்று சரிபாருங்கள். அடுத்து மார்கழியில், சம்பா அறுவடைக்கு முன் அதே வேலை. ஆண்டுக்கு இரண்டு அரை நாள்தான்.

வாசகர்கள் கேட்கும் இன்னும் இரண்டு

*புதிதாகப் போடுகிறோம். என்ன கேட்டு வாங்க வேண்டும்?*
மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு ஒரு நல்ல அளவுகோல். கையால் தள்ளும் ஷட்டர் 8 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 86 சதுர அடி வரை, பேரிங் இல்லாமல் போடலாம். அதற்கு மேல் 12 சதுர மீட்டர் (சுமார் 129 சதுர அடி) வரை பால் பேரிங் வேண்டும். அதையும் தாண்டினால் சங்கிலி கியர். டிராக்டர் நுழையும் பத்துக்குப் பத்து வாசல் 100 சதுர அடி. ஆகவே பேரிங் இல்லாததை வாங்காதீர்கள்.

*ஷட்டர் கனக்கிறது. மோட்டார் வைத்துவிட்டால் பிரச்னை தீருமா?*
தீராது. ஸ்ப்ரிங் சுமக்க வேண்டிய கனத்தை மோட்டார் சுமந்து சீக்கிரமே காயில் கருகும். முதலில் ஸ்ப்ரிங்கைச் சரிசெய்யுங்கள். பிறகு மோட்டார் வைத்தாலும், கரன்ட் இல்லாத நேரத்துக்குக் கைச்சங்கிலி உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.