ராத்திரி பதினொரு மணிக்கு ‘டக்... டக்... டக்!’

படவேடு என்றதும் உங்களுக்கு ரேணுகாம்பாள் கோயில் ஞாபகத்துக்கு வரும். ஆடி வெள்ளிக்கிழமையில் வந்து போனவராக இருந்தால், பஸ்ஸில் நசுங்கியதும் சேர்ந்தே வரும். சரித்திரம் படித்தவர்கள், “சம்புவராயர்கள் தலைநகராக வைத்து ஆண்ட ஊராச்சே!” என்பார்கள். எனக்கு ஞாபகத்துக்கு வருவது ஒரு சத்தம்தான்.

என் பக்கத்து வீடு நெசவு வீடு. விடிகாலை ஐந்து மணிக்கெல்லாம் மாமா குழித்தறியில் இறங்கி உட்கார்ந்துவிடுவார். (சொந்த மாமா இல்லை. நாற்பது வருஷமாக இரண்டு வீட்டுக்கும் ஒரே பொதுச் சுவர். மாமா என்று கூப்பிட அந்த உறவு போதாதா?) நாடா ஓடும் சத்தம், பலகை அடிக்கும் சத்தம், ஜக்கார்டு பெட்டி தூக்கி இறக்கும் சத்தம்... அலாரம் வைக்காமலே நான் பி.காம். பாஸ் செய்ததற்கு அந்தத் தறிதான் காரணம். மூன்றாம் வகுப்பில் பாஸ் செய்ததற்கு மட்டும் நான்தான் காரணம்.

அப்பேர்ப்பட்ட மாமா ஒருநாள் காலையில் வாசலில் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

“தம்பி, தப்பா நெனச்சிக்காதே. ராத்திரியில இன்னாமோ ‘டக் டக்’குனு சத்தம் வருதே... யாரோ கதவைத் தட்டுற மாதிரியே கீது. உங்க அத்தை தூக்கிவாரிப் போட்டு எழுந்துக்கிறா. அப்புறம் ரெண்டு பேருக்கும் தூக்கம் வர்றதில்லே.”

எனக்குச் சுருக்கென்றது. சத்தத்தின் சொந்தக்காரன் சாட்சாத் அடியேன்தான்!

வினை வந்த விதம்

பகலில் ஆரணியில் ஜவுளிக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுகிறேன். மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். வீடு திரும்ப ராத்திரி பத்து, பதினொன்று ஆகும். பைக்கும், ஒரு பழைய செகண்ட்ஹேண்ட் காரும் நிற்பதற்குத் தகரக் கூரை போட்ட ஷெட் ஒன்று உண்டு. 10 அடிக்கு 16 அடி. சிமென்ட் தரை பொரிந்து, பெருக்கப் பெருக்க மண்ணாக வந்துகொண்டிருந்தது.

ஒரு கடையில் ‘பூட்டு டைல்ஸ்’ என்று காட்டினார்கள். ஓரடிக்கு ஓரடி பிளாஸ்டிக் பலகை. ஒன்றின் கொக்கியை இன்னொன்றின் வளையத்தில் வைத்து அமுக்கினால் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ளும். கொத்தனார் வேண்டாம், சிமென்ட் வேண்டாம், கோந்து வேண்டாம். சிவப்பும் சாம்பலுமாக சதுரங்கப் பலகை மாதிரி போட்டால் ஷெட்டே ஷோரூம் ஆகிவிடும் என்றார்கள். 160 டைல்ஸ், 16,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டேன். என் இல்லத்தரசியே வந்து பார்த்து, “பரவாயில்லையே!” என்றாள். கல்யாணமான எட்டு வருஷத்தில் நான் வாங்கிய இரண்டாவது பாராட்டு.

அன்றைக்கு ராத்திரி பைக்கை உள்ளே விட்டேன். டக்... டக்... டக்... ஒவ்வொரு டைல்ஸும் ஆஜர் சொன்னது. ‘புதுசு, போகப் போக சரியாகிவிடும்’ என்று நினைத்தேன். போகவில்லை.

ஏன் சத்தம் போடுகிறது?

மாமா வந்து சொன்ன பிறகுதான் ஒரு டைல்ஸைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். விஷயம் விளங்கியது.

இந்த டைல்ஸ் பாலிப்ரொப்பிலீன் என்கிற கெட்டி பிளாஸ்டிக். வீடுகளில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளின் பங்காளி. அடியில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் கால்கள். கால்களுக்கு நடுவே வெற்றிடம். டயர் ஏறியதும் டைல்ஸ் ஒரு மயிரிழை கீழே போய்த் தரையில் மோதுகிறது. கெட்டியோடு கெட்டி மோதினால் ‘டக்’. உள்ளே காலியாக இருப்பதால் அது பறைக்குள் தட்டிய மாதிரி பெருகுகிறது. தரை மேடு பள்ளமாக இருந்துவிட்டால் டைல்ஸ் ஆடுகிறது. ஆடுகிற டைல்ஸுக்கு ஒரு தடவைக்கு இரண்டு ‘டக்’.

அதோடு போகவில்லை. என் சிமென்ட் தரை பொதுச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தரையில் விழுந்த அடி, அப்படியே தரை வழியாகச் சுவருக்குப் போய், சுவர் வழியாக மாமாவின் தலைமாட்டுக்கு டிக்கெட் இல்லாமல் போய்விடுகிறது. காற்றில் வரும் சத்தத்தை ஜன்னலைச் சாத்தித் தடுக்கலாம். சுவருக்குள் வரும் சத்தத்துக்கு ஜன்னல் எங்கே இருக்கிறது?

‘ஒலி மாசு விதிகள் 2000’ என்று ஒன்று இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரியில் 45 டெசிபல் என்று அளவு வைத்திருக்கிறது. ராத்திரி என்றால் பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. அப்படிப் பார்த்தால் பதினொரு மணிக்கு வருகிற நானும் அதில் வருவேன். ஐந்து மணிக்குத் தறியில் இறங்குகிற மாமாவும் வருவார். சட்டத்தைப் பிடித்தால் இரண்டு பேருக்கும் வம்பு. அதனால் வேறு வழி தேடினேன்.

இரண்டு தோல்விகள்

முதல் முயற்சி, பரணில் கிடந்த பழைய ஜமக்காளமும் நான்கு சாக்குகளும். டைல்ஸுக்கு அடியில் விரித்தேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. சந்தோஷத்தில் வண்டியைக் கழுவினேன். தண்ணீர் உள்ளே இறங்கியது, வெளியே வரவில்லை. நாலாம் நாள் ஒரு வாடை. எட்டாம் நாள் ஒரு தேள்.

இரண்டாவது, தெர்மோகோல். மெத்தென்று இருக்கிறதே, சத்தத்தை விழுங்கிவிடும் என்பது என் கணக்கு. ஒரு வாரம் நிஜமாகவே அமைதி. பிறகு கார் டயர் ஏறி ஏறி தெர்மோகோல் அப்பளமாக நொறுங்கியது. அடியில் மெத்தென்று இருந்ததால் ஒவ்வொரு டைல்ஸும் மூட்டில் வளைந்து, பதினோரு டைல்ஸின் கொக்கி முறிந்தது. சத்தம் பழையபடி வந்தது. வட்டியோடு!

அந்த வாரம்தான் மாமா வீட்டில் அந்தச் சம்பவம் நடந்தது.

அவருக்குப் பாவும் ஊடையும் ஜரிகையும் ஆரணி வியாபாரி கொடுப்பார். நெய்து கொடுத்தால் கூலி. பார்டரும் முந்தானையுமாகக் கண்ணை ஊன்றிச் செய்கிற வேலை. ராத்திரி தூக்கம் கெட்டு, காலையில் கண் எரிய உட்கார்ந்தவர், மிதி ஒன்று தப்பியதைக் கவனிக்கவில்லை. உடனே பார்த்திருந்தால் நாலு இழையைப் பிரித்துச் சரி செய்திருக்கலாம். பார்ப்பதற்குள் சேலை படமரத்தில் சுற்றிக்கொண்டு போய்விட்டது. புடவையை விரித்துப் பார்த்த வியாபாரி குறுக்கே ஒரு கோட்டைக் காட்டினார். கூலியில் 900 ரூபாய் பிடித்தம்.

என்னிடம் மாமா இதைச் சொல்லவே இல்லை. அத்தைதான் என் மனைவியிடம் கொல்லைப்புறத்தில் சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷம் அவர் தறிச் சத்தம் எனக்குச் சோறு போடுகிற படிப்பைக் கொடுத்தது. என் டைல்ஸ் சத்தம் அவர் சோற்றில் கை வைத்துவிட்டது. அன்று ராத்திரி பைக்கைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தேன். தூக்கம் வரவில்லை. இப்போது மூன்று பேருக்கும் தூக்கமில்லை.

மாமா சொன்ன பாடம்

மறுநாள் 900 ரூபாயை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கையால்கூடத் தொடவில்லை.

“பணத்தை உள்ளே வை. இங்க வா, இதப் பாரு” என்று ஜக்கார்டு தாங்கும் கால்களின் அடியைக் காட்டினார். ஒவ்வொரு காலுக்கும் கீழே பழைய டயரிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டு. “இது இல்லேன்னா உன் வீட்டுச் சுவர்ல மாட்டின காலண்டர் ஆடும். பஞ்சு வெச்சா அமுங்கிப்பூடும், கல்லு வெச்சா அதிரும். ரப்பர்தான் தாங்கவும் தாங்கும், சத்தத்தையும் விழுங்கும். அதுவும் ஒல்லியா, கெட்டியா இருக்கணும்.”

நமக்குப் புதிதில்லாத சமாசாரம்தான். மண்பானைக்கு அடியில் பாட்டி பிரிமணை வைத்ததும், தலைச் சுமைக்குச் சும்மாடு வைத்ததும் இதே சூத்திரம். மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம் ரவைப் பசை அப்புகிறார்கள். தோல் கனத்து நாதம் இறங்குகிறது. போளூரிலோ காட்பாடியிலோ ரயில் ஏறப் போனால் உற்றுப் பாருங்கள். தண்டவாளத்துக்கும் கான்கிரீட் கட்டைக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அத்தனை பெரிய ரயிலுக்கே அது வேண்டியிருக்கும்போது என் பைக் எம்மாத்திரம்!

கடையில் இதற்கு ‘அண்டர்லே’ என்கிறார்கள். நாம் அடிவிரிப்பு என்று வைத்துக்கொள்வோம். 3 மில்லிமீட்டர் கனத்தில், பழைய டயர்த் தூளை அழுத்திச் செய்த ரப்பர் சுருள். முழுசாக வாங்கிவிடவில்லை, இரண்டு முறை சூடு பட்ட பூனை நான். ஒரு மீட்டர் மட்டும் வாங்கி வந்து, அதன் மேல் டைல்ஸ் பூட்டிச் சோதனை வைத்தோம். மாமா பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குழியில். நான் இந்தப் பக்கம் பைக்கோடு. நெசவுச் சத்தத்துக்கு நடுவே இழை அறுந்தாலே கண்டுபிடிக்கிற காது அவருடையது.

அடிவிரிப்பு இல்லாத டைல்ஸில் ஓட்டினேன். “கேக்குது!” என்று குரல் வந்தது. சாக்கு போட்டதில் ஓட்டினேன். “கேக்குது, கொஞ்சம் கம்மியா!” ரப்பர் போட்டதில் ஓட்டினேன். பதில் இல்லை.

“மாமா! மூணாவது எப்படி?”

“நீ இன்னும் ஓட்டவே இல்லியேடா!”

போட்ட விதம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன். உங்கள் வீட்டு ஷெட்டுக்கோ, மொட்டை மாடி ரூமுக்கோ உதவும்.

முதலில் தரை. ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் நடுவில் கால் அங்குலப் பள்ளம். சிமென்ட் கலவை பூசி நிரப்பி, நன்றாகக் காயவிட்டோம். பள்ளத்தின் மேல் எதை விரித்தாலும் டைல்ஸ் ஆடத்தான் செய்யும். தண்ணீர் வாசல் பக்கம் ஓடுகிற வாட்டம் மட்டும் கெடாமல் பார்த்துக்கொண்டோம்.

அடுத்து ரப்பர். இரண்டு நாள் வெயிலில் விரித்து வைத்தோம். வாடையும் போயிற்று, சுருளின் வளைவும் போயிற்று. துண்டோடு துண்டு ஓரம் தொட வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. ஏறினால் அங்கே மேடு, மேட்டில் ‘டக்’. ஓரங்களை டேப் ஒட்டினோம்.

அதன் மேல் டைல்ஸ். ரப்பர் சேர்கிற கோடும் டைல்ஸ் சேர்கிற கோடும் ஒன்றன் மேல் ஒன்றாக வராமல், கொத்தனார் செங்கல் இணைப்பை மாற்றி வைக்கிற மாதிரி தள்ளி வைத்தோம்.

முக்கியமானது, சுவர் ஓரம். முதல் தடவை நான் சுவரோடு சுவராக நெருக்கி அடித்திருந்தேன். இந்த பிளாஸ்டிக் வெயிலுக்கு நீளும். ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 0.1 மில்லிமீட்டர். கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும். என் 16 அடி ஷெட்டில், விடிகாலைக் குளிருக்கும் தகரக் கூரையின் மத்தியானச் சூட்டுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள். 15 மில்லிமீட்டர் ஆகிறது! போக இடமில்லாமல் நடுவில் பூரி மாதிரி உப்பும். உப்பின இடம் அத்தனையும் சத்தம். இந்த முறை நாலு பக்கமும் அரை அங்குலம் இடைவெளி விட்டோம்.

கடைசியாக சைடு ஸ்டாண்டு. பைக்கின் பாரம் மொத்தமும் அந்தச் சின்ன நுனியில் இறங்கும். அந்த இடத்தில் ஒரு சின்ன மரப்பலகை போட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளை அல்லவா, கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் 5,600 ரூபாய். முறிந்த டைல்ஸ் பதினொன்றுக்கு 1,100. தெர்மோகோலுக்குப் போனது 1,400. முதலிலேயே ரப்பரை வாங்கியிருந்தால் கடைசி இரண்டும் மிச்சம். மாமாவின் 900 ரூபாய் எந்தப் பற்றிலும் வரவிலும் வராது. அது என் பேரில் பாக்கியாகவே நிற்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அடிவிரிப்பு காலடிச் சத்தத்துக்குத்தான் மருந்து. இன்ஜின் உறுமுவதையும் ஹாரன் அடிப்பதையும் அது ஒன்றும் செய்யாது. அதற்கும் மாமாவே வழி சொன்னார். “பத்து மணிக்கு மேல வந்தா தெருமுனையிலேயே இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுத் தள்ளிக்கினு வா தம்பி. காசு செலவே கிடையாது.”

அப்படியே செய்கிறேன். அத்தை இப்போது விடியும் வரை தூங்குகிறார். மாமாவின் தறியில் தேன் கலரில் ஒரு கல்யாணச் சேலை ஏறியிருக்கிறது. இதுவரை ஒரு மிதிகூடத் தப்பவில்லை என்றார். விடிகாலை ஐந்து மணிக்கு அந்தச் சத்தம் கேட்டு விழித்துக்கொள்ளும்போது, முன்னைவிட நன்றாக இருக்கிறது.

ஒரே ஒரு புது தொந்தரவு. நேற்று ராத்திரி பதினொன்றே காலுக்குச் சத்தமில்லாமல் வந்து படுத்தேன். காலையில் காபியை நங்கென்று வைத்தபடி மனைவி கேட்டாள்:

“ராத்திரி எத்தனை மணிக்கு வந்தீங்க? ஒரு சத்தமும் காணோம்... மொதல்ல அந்த ரப்பரைப் பிரிச்சு எடுங்க!”