பழைய மடிக்கணினிக்குப் புது வாழ்வு!

2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிள்ளைக்குக் கிடைத்த இலவச மடிக்கணினி, திருத்துறைப்பூண்டியில் உங்கள் வீட்டுப் பரணில் தூங்குகிறதா? எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!

விண்டோஸ்-10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. புதுத் திருத்தம் வராத கணினி, தாழ்ப்பாள் இல்லாத வீடு!

இதற்கு வழி லினக்ஸ். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. விதை நெல்லைப் போல யாருக்கும் பகிர்ந்து கொடுக்கலாம். காசு வேண்டாம்.

எது நல்லது?

சென்னை சிடாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், அந்த இலவச மடிக்கணினிகளிலேயே வந்தது. புதியவர்களுக்கு 'லினக்ஸ் மின்ட்' எளிது. 4 ஜி.பி. நினைவகம் இருந்தால் தாராளம்.

பென் டிரைவில் ஏற்றி, பதிக்காமலே ஓட்டிப் பாருங்கள். வைபை கிடைக்கிறதா? பாட்டுக் கேட்கிறதா? திருப்தி என்றால், படங்களையும் பாடங்களையும் வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டுப் பதியுங்கள். இல்லாவிட்டால் அவை அழிந்துபோகலாம்!

வாரம் ஒரு முறை

'அப்டேட்' என்பது வயலுக்குக் களை எடுப்பது போல. தள்ளிப் போடக்கூடாது. மின்ட் திரையின் கீழ் வலது மூலையில் கேடயப் படம் இருக்கும். அதை அழுத்தினால் திருத்தங்களின் பட்டியல் வரும்.

முதலில் 'டைம்ஷிப்ட்' மூலம் இப்போதைய நிலையைச் சேமியுங்கள். ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். பாட்டரியில் சார்ஜ் இருக்கட்டும். நடுவில் கணினி அணைந்தால் ஆபத்து!

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பரணில் இருப்பதை இறக்குங்கள். தம்பி, தங்கை படிக்கட்டும்!