பனியிலும் விளையாட்டு!

டிசம்பர் மாதத்தில் பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியில் பகல் சுமார் 6 மணி நேரந்தான். எங்கும் கடுங்குளிர்! பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைப்பார்களோ?

அதுதான் இல்லை! ஆரம்பப் பள்ளிகளில் 45 நிமிடம் பாடம். பிறகு 15 நிமிடம் விளையாட்டு. பனி பெய்தாலும் பெரும்பாலும் வெளியேதான். மேட்டிலிருந்து சறுக்குவார்கள், பனியில் கோட்டை கட்டுவார்கள். உள்ளே கம்பளிச் சட்டை, மேலே ஈரம் புகாத அங்கி, தலையில் குல்லாய், கையில் உறை. நனைந்தால் உடனே மாற்றிவிட வேண்டும்.

"ஜலதோஷம் பிடிக்குமே!" என்று தாய்மார் பயப்படலாம். ஜலதோஷத்தை உண்டாக்குபவை வைரஸ் கிருமிகள். கதவைச் சாத்திய அறையில் பலர் நெருங்கி இருந்தால் அவை சுலபமாகப் பரவும்.

ஓடியாடிய பிள்ளை பசித்துச் சாப்பிடும், படுத்ததும் தூங்கும். தாய்க்கு வேறென்ன வேண்டும்!