ஓடைத் தண்ணீரில் எரியும் விளக்கு

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. நீர்த்தேக்கங்களில் நீர்மட்டம் இறங்கியிருந்தது. எண்ணெய் வாங்க நாட்டிடம் டொலர் இல்லை. ஊவாவின் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்ட லயங்களில் மெழுகுதிரியும் குப்பிலாம்பும் திரும்ப வந்தன. நாட்டிலேயே உயரமான பம்பரகந்தை அருவி (263 மீற்றர்), அதற்கு அடுத்த தியலும அருவி (220 மீற்றர்) இரண்டும் இந்தப் பகுதியில்தான் விழுகின்றன. இவ்வளவு சரிவும் தண்ணீரும் உள்ள ஊர், விளக்குக்காகத் தொலைவில் உள்ள மின்நிலையத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. அதற்கான பொறிதான் சிறு நீர்மின் நிலையம்.

கணக்கு எளிது. விநாடிக்கு 1 லீற்றர் நீர் 1 மீற்றர் கீழே விழுந்தால் ஏறத்தாழ 10 வாட் ஆற்றல் கிடைக்கும். ஓர் ஓடையில் விநாடிக்கு 5 லீற்றர் வருகிறது, 50 மீற்றர் சரிவு இருக்கிறது என்றால் 2,500 வாட். குழாயிலும் இயந்திரத்திலும் பாதி வீணானாலும் 1,200 வாட் மிஞ்சும். 12 காம்பிரா உள்ள லயத்தில் வீட்டுக்கு 100 வாட்: சில எல்.இ.டி. விளக்குகள், ஒரு வானொலி, கைப்பேசி சார்ஜர். அடுப்புக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் இது போதாது.

ஓடையின் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு சிறு தடுப்பு கட்டுகிறார்கள். அங்கிருந்து வரும் நீர் ஒரு தொட்டியில் நின்று மணலை விட்டுவிட்டு, குழாய்க்குள் இறங்குகிறது. குழாயின் அடியில் குறுகிய வாய். அதிலிருந்து பீறிடும் நீர், சக்கரத்தைச் சுற்றியுள்ள கிண்ணங்களில் மோதுகிறது. அமெரிக்கர் லெஸ்டர் பெல்டன் 1880இல் காப்புரிமை பெற்ற சக்கரம் இது. ஒவ்வொரு கிண்ணத்தின் நடுவிலும் ஒரு கூர்வரம்பு உண்டு. அது நீரை இரண்டாகப் பிளந்து, வந்த திசைக்கே திருப்பிவிடுகிறது. வேகத்தையெல்லாம் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டு நீர் சோர்ந்து விழும். பிறகு மீண்டும் ஓடையில் சேர்ந்துவிடும். ஒரு துளியும் செலவாவதில்லை.

சக்கரத்தோடு இணைந்த சாதாரண மோட்டரே, மின்தேக்கிகள் பொருத்தினால், மின்னாக்கியாகிவிடும். இலங்கையின் கிராமத்து நிலையங்கள் பலவற்றில் இதுவே வழக்கம். எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டால் சக்கரம் தறிகெட்டுச் சுற்றாதிருக்க, மிஞ்சும் மின்சாரத்தை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி வெப்பச் சுருளுக்குத் திருப்பிவிடும்.

மலையகத்துக்கு இது புதிதல்ல. டி. ஜே. விமலசுரேந்திர 1912இல் நுவரெலியா நகருக்கு ஒரு சிறு நீர்மின் நிலையம் அமைத்தார். வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத்து ஓடைகள் தேயிலைத் தொழிற்சாலைகளை ஓட்டின. தேசிய மின்கம்பி வந்த பிறகு அந்தச் சக்கரங்கள் பெரும்பாலும் துருப்பிடித்தன. கொழுந்து அரைத்த அந்தத் தண்ணீர், கொழுந்து பறித்தவர்களின் காம்பிராவுக்குப் பெரும்பாலும் வெளிச்சம் தரவில்லை. இந்தப் பொறியை லயத்துக்குக் கொண்டுவருவது அந்தக் கடனைத் தீர்ப்பதாகும்.

ஆனால் மலையை மதித்துச் செய்ய வேண்டும். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில், மழைநீர் ஊறிய மலைச்சரிவு லயங்களை மூடியது. கசியும் வாய்க்காலும் சரிவை ஊறவைக்கும். ஆகவே மண்வாய்க்கால் வெட்டாமல் மூடிய குழாயிலேயே நீரைக் கொண்டுவர வேண்டும். மண்சரிவு அபாயம் அறிவிக்கப்பட்ட இடத்தில் வேலையைத் தொடங்கவே கூடாது. குடிக்கவும் குளிக்கவும் பீலிக்கு வரும் தண்ணீரையும் தொடக்கூடாது.

ஊவாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. அடைமழையில் ஓடையைப் பார்த்துக் கணக்குப் போட்டால் வறட்சியில் விளக்கு அணைந்துவிடும். ஆகவே ஆகஸ்டில் 20 லீற்றர் வாளியோடு ஓடைக்குப் போங்கள். நீர் முழுவதையும் வாளிக்குத் திருப்பி, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறதென்று எண்ணுங்கள். 4 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 5 லீற்றர். உங்கள் லயத்துக்கு வெளிச்சம் கிடைக்குமா என்பதை முதலில் சொல்வது அந்த எண்தான்.