கோயிலில் கட்டிய தாலியும் பதிவிலாகாத் தாளும்



எங்கள் தோட்டப் பள்ளியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அடையாள அட்டை எடுக்கப் போகும் நாள் சிறு திருவிழா போல இருக்கும். சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலை வாரி, அப்பா அம்மாவோடு சுங்கைப்பட்டாணிக்குக் கிளம்புவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் மட்டும் போகவில்லை. அவனுடைய பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகன் அல்லர்' என்றிருந்தது. தகப்பனாரோ நீல அட்டைக்காரர். பாட்டனார் இதே கெடாவில் பால் மரம் வெட்டியவர். பிள்ளை எப்படி அந்நியன் ஆனான்?

இதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். 1957-இல் சுதந்திரம் கிடைத்தபோது, மெர்டேக்கா நாள் தொட்டு இந்த மண்ணில் பிறந்த பிள்ளை, பிறந்ததாலேயே குடிமகனாயிற்று. 1962-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்பின் மண் மட்டும் போதவில்லை. பெற்றோரின் தகுதியையும் பார்த்தார்கள். லயத்தில் இருந்த நம்மவர் காதில் இந்தச் செய்தி விழவில்லை என்றே சொல்லலாம். 1969-இல், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று வந்தபோதுதான் பலருக்கு உறைத்தது. ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினார்கள்.

அந்தக் காலத்தில் தோட்டமே எல்லாமாக இருந்தது. பிள்ளை பிறந்தால் டிரெசருக்குத் தெரியும். பாரம் நிரப்பக் கிராணி இருந்தார். ஆயாக் கொட்டகையும் பள்ளிக்கூடமும் லயத்துப் பக்கத்திலேயே இருந்தன. துரைமார் தாராள மனசுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆள் நிலைக்க வேண்டும் என்ற கணக்குதான்! ஆனாலும் சட்டம் நம்மைத் தேடி வந்தது. பிறகு தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தன. கிராணி கூட வரவில்லை. சட்டத்தைத் தேடி நாமே முகப்புக்குப் போக வேண்டியதாயிற்று.

இந்த மாற்றத்தின் நடுவில் இன்னொரு சட்டம் வந்தது. 1976-இல் இயற்றிய திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த கல்யாணங்கள் செல்லும். அந்த நாளுக்குப் பிறகு, முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, ஊரே வாழ்த்தினாலும், தாளில் ஏறாவிட்டால் பதிவிலாகா பிறக்கும் பிள்ளையைத் தாயின் பிள்ளையாக மட்டுமே எழுதும். தாய்க்குக் குடியுரிமை இருந்தால் தொல்லையில்லை. இல்லையென்றால், தகப்பனின் நீல அட்டை பிள்ளைக்கு உதவாது.

நான் சொன்ன பையனின் கதை இதுதான். அவன் தாயார் லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவர். அந்தப் பிறப்பை யாரும் எழுதவில்லை. அவர் கழுத்தில் தாலி ஏறியபோதும் யாரும் எழுதவில்லை. ஒரு தலைமுறையின் விடுபட்ட தாள் அடுத்த தலைமுறையின் தலையில் விழுந்தது.

"பிள்ளை பிறந்தபிறகு பதிவு செய்துகொள்ளலாமே, சார்?" என்று ஒரு தாய் கேட்டார். செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் பிறந்த நேரத்து நிலையையே பார்ப்பதால் சிக்கல் உடனே தீராது. ஆகவே முகூர்த்தநாள் குறிக்கும்போதே பதிவுக்கும் நாள் பாருங்கள். சில கோயில்களில் பதிவதிகாரியாக நியமனம் பெற்றவர்களே இருக்கிறார்கள், விசாரித்தால் சொல்வார்கள். பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதிந்துவிடுங்கள்.

ஏற்கெனவே சிக்கியவர்களுக்கு ஒரு வழி உண்டு. அரசியல் சட்டம் 15ஏ பிரிவின்கீழ், வயது வரம்புக்கு உட்பட்ட பிள்ளையை அரசாங்கம் விசேஷ காரணம் கருதிக் குடிமகனாகப் பதியலாம். கிடைத்தே தீரும் என்ற உறுதி இல்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் நேரும். பையனின் தகப்பனார் தாத்தாவின் பழைய அட்டை, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்று எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மனுக் கொடுத்தார். பையன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். பதில் இன்னும் வரவில்லை.