இரு மொழி, ஒரு தாளம்

பிறந்த மண்ணை விட்டுப் புறப்படும் குடும்பம் எதையெல்லாம் உடன் எடுத்துச் செல்லக்கூடும்? வீட்டையும் நிலத்தையும் பெயர்த்துச் செல்ல இயலாது. நாவில் பழகிய மொழியையும் செவியில் ஒலிக்கும் தாளத்தையுமோ எந்தச் சுங்க அதிகாரியும் பறிமுதல் செய்ய முடியாது. ஆனால் புகுந்த நாட்டில் பிழைப்பதற்கு வேறொரு மொழி தேவைப்படும்போது, வீட்டு மொழியின் கதி என்ன? இக்கேள்வியை ஒரு நடன இசைத்தட்டின் துணைகொண்டு ஆராய முற்படுவது வாசகர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். எனினும், 1984ஆம் ஆண்டு வெளிவந்த அந்த இசைத்தட்டின் வரலாறு ஒவ்வொரு குடும்பமும் அறியத்தக்கதே.

கியூபா நாட்டில் 1959இல் பிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வெற்றி பெற்றபின், இலட்சக்கணக்கானோர் கடல் கடந்து அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் குடியேறிய நகரம் மயாமி. 1957இல் ஹவானாவில் பிறந்த குளோரியா ஃபஹார்தோவும் கைக்குழந்தையாக அங்கு வந்து சேர்ந்தவரே. அவருடைய தந்தை 1961இல் நடந்த பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பில் பங்கேற்றுச் சிறைப்பட்டார். விடுதலையான பின் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்து வியட்நாம் சென்றார். அங்கிருந்து திரும்பியவரைக் கொடிய நரம்பு நோய் பற்றிக்கொண்டது. கியூபாவில் ஆசிரியையாக இருந்த தாயாரோ, புதிய நாட்டில் மீண்டும் படித்துத் தேறியே அப்பணியைப் பெற வேண்டியிருந்தது. நோயுற்ற தந்தையையும் சிறிய தங்கையையும் கவனிக்கும் பொறுப்பு மூத்த மகள் மீது விழுந்தது. மயாமியில் ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் பயின்றுகொண்டே இச்சுமையைத் தாங்கிய அச்சிறுமிக்குக் கிட்டாரும் பாட்டுமே ஆறுதலாயின.

அதே நகரில் எமிலியோ எஸ்தெஃபான் என்னும் மற்றொரு கியூப இளைஞர் இருந்தார். ஸ்பெயின் வழியாக அமெரிக்கா வந்த இவர், பகலில் ஒரு நிறுவனத்தில் ஊழியம் செய்து, ஓய்வு வேளைகளில் அக்கார்டியன் வாசித்துப் பொருள் ஈட்டினார். இவர் அமைத்த சிறு குழு திருமண விருந்துகளில் இசை வழங்கி வந்தது. 1975இல் அத்தகைய ஒரு திருமணத்தில் குளோரியா பாடியதைக் கேட்டு அவரைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். குழுவும் 'மயாமி சவுண்ட் மெஷின்' என்னும் பெயரை ஏற்றது. 1978இல் இருவரும் வாழ்க்கைத் துணைவராயினர். திருமண வீட்டில் முதியோர் பழைய கியூபப் பாடல்களை விரும்புவர். இளையோர் அமெரிக்க நடன இசையைக் கேட்பர். இரு தரப்பாரையும் ஒரே மாலையில் நிறைவுசெய்யப் பழகியதே இக்குழுவின் கல்வி எனலாம். 1977இல் வெளிவந்த இவர்களுடைய முதல் இசைத்தட்டிலும் ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் அருகருகே அமர்ந்திருந்தன.

அக்காலத்தில் மொழி என்பது அந்நகரில் கசப்பான வழக்காயிற்று. 1980இல் மட்டும் ஏறத்தாழ 1,25,000 கியூப மக்கள் மரியெல் துறைமுகத்திலிருந்து படகுகளில் வந்து இறங்கினர். அவ்வாண்டு நவம்பரில் மயாமியை உள்ளடக்கிய டேட் மாவட்டத்தின் வாக்காளர்கள், ஆங்கிலம் தவிர வேறு மொழிக்கு மாவட்டப் பணத்தைச் செலவிடலாகாது என்று விதி செய்தனர். வீட்டில் தாய் பேசும் மொழி, வீதியில் வேண்டாத மொழியாயிற்று.

இச்சூழலில்தான், அதுவரை ஸ்பானியப் பாடல்களால் இலத்தீன் அமெரிக்க நாடுகளில் புகழ் பெற்றிருந்த இக்குழு, 1984இல் முழுவதும் ஆங்கிலத்தில் அமைந்த தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. 'ஐஸ் ஆஃப் இன்னசன்ஸ்', அதாவது 'கள்ளமறியாக் கண்கள்' என்பது அதன் பெயர். அதில் இடம்பெற்ற 'டாக்டர் பீட்' என்னும் பாடலைக் குழுவின் முரசுக் கலைஞர் கிக்கி கார்சியா இயற்றினார். உடலைத் தாளம் பிடித்து ஆட்டுகிறது, மருத்துவரே, உதவி செய்யும் என்று முறையிடும் விளையாட்டுப் பாடல் அது. பிரிட்டனின் விற்பனை வரிசையில் அது 6ஆம் இடத்தை எட்டியது. சொற்கள் ஆங்கிலமாயினும், மின்னிசைக் கருவிகளுக்கு அடியில் கியூபத் தாளம் மறையாமல் துடித்தது.

அதன்பின் நிகழ்ந்ததே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. ஐரோப்பியப் பயணத்தின்போது, ஸ்பானியம் அறியாத நெதர்லாந்து மக்கள் பழைய கியூபத் தெருநடனத் தாளத்துக்கு எழுந்து ஆடுவதைக் குழுவினர் கண்டனர். அதன் விளைவாக 1985இல் 'கொங்கா' என்னும் பாடல் பிறந்தது. அமெரிக்கருக்கு இது மிகையான இலத்தீன், இலத்தீனியருக்கு மிகையான அமெரிக்கம் என்று இசைத்தட்டு வணிகர் தயங்கியதாகக் குளோரியா பின்னாளில் கூறியுள்ளார். குழுவோ தாளத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1986இல் அப்பாடல் அமெரிக்காவின் முதல் 10 பாடல்களுள் ஒன்றாயிற்று.

இவ்வெற்றிக்கு விலை இல்லாமலில்லை. தொடக்கத்தில் தோளோடு தோள் நின்ற கலைஞர்கள் ஒவ்வொருவராக விலகினர். 1989இல் வெளிவந்த இசைத்தட்டின் முகப்பில் குளோரியாவின் பெயர் மட்டுமே இருந்தது. குழுவின் பெயர் மறைந்துவிட்டது. உலக அரங்கு ஒருவரை உயர்த்தும்போது உடனிருந்தோரை நிழலில் தள்ளிவிடுவது வருந்தத்தக்க உண்மையே.

ஆனால் தாய்மொழி மறையவில்லை. 1993இல் குளோரியா, 'மி தியெர்ரா', அதாவது 'என் மண்' என்னும் பெயரில், முழுவதும் ஸ்பானிய மொழியில் ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். தாத்தா பாட்டியர் காலத்துக் கியூப இசை முறையில் அமைந்த அது கிராமி விருதையும் பெற்றது. டேட் மாவட்டத்தின் மொழித்தடை நீக்கப்பட்டதும் அதே 1993இல்தான். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் அன்று. எனினும் இரண்டையும் சேர்த்து எண்ணாதிருக்க நம்மால் இயலவில்லை.

பிள்ளைகள் வெளியுலகின் மொழியில் பாடத் தொடங்கும்போது பெற்றோர் அஞ்சுவது இயல்பு. போனது திரும்பாது என்று அவர்கள் கலங்குகின்றனர். இக்குடும்பத்தின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. சிறு வயதில் வீட்டில் ஆழமாய் ஊன்றப்பட்ட மொழி, பல ஆண்டுகள் கழித்தும் துளிர்க்கும். வெளிமொழியைக் கற்பதற்குத் தடை வேண்டியதில்லை. உணவு மேசையிலும் தாலாட்டிலும் நம் மொழி ஒலித்துக்கொண்டிருக்கிறதா என்பதையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். திரும்பி வர ஒரு வீடு இருந்தால், பிள்ளைகள் எவ்வளவு தொலைவு சென்றாலும் வழி அறிவார்கள்.