தினமும் திரும்பி வருபவர்

2023 ஜூன் மாதம் அன்னை மங்களம் மறைந்தபோது அவருக்கு வயது 97. சிங்கப்பூரில் பிறந்தவர். கோலாலம்பூர் பூச்சோங் சாலையில் சுவாமி சத்யானந்தா நிறுவிய சுத்த சமாஜத்தில் இளம் வயதிலேயே சேர்ந்தார். 1961-இல் சுவாமி மறைந்த பிறகும் அங்கேயே நின்றார். அவரை அன்னை என்றழைத்து சமாஜத்தின் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த தலைமுறைகள் பல.

பிள்ளைக்கு அந்த இருப்பு ஏன் முக்கியம்? பெற்றோரை இழந்த, பிரிந்த குழந்தைகளைப் பற்றி 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை எழுதிய உளமருத்துவர் ஜான் பௌல்பி, அன்பும் தொடர்ச்சியும் உள்ள உறவே குழந்தையின் மனநலத்துக்கு அடிப்படை என்றார். உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த்தின் ஆய்வுகள் அதை விரித்துக் காட்டின. அழுதால் யாரேனும் வருவார் என்று நம்பும் குழந்தை நிம்மதியாக விளையாடும். வருவாரா மாட்டாரா என்று தவிக்கும் குழந்தை ஒட்டிக்கொள்ளும். வரமாட்டார் என்று பழகிய குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இதே சாயல்கள் காதலிலும் தெரிவதை உளவியலாளர்கள் ஹேசனும் ஷேவரும் 1987-இல் எழுதினர்.

உதாரணமாக, கிள்ளானில் இருப்பவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்பவர் படித்துவிட்டார், பதில் இல்லை. அனுப்பியவர் ஒட்டிக்கொள்ளும் சாயலுள்ளவர் என்றால் ஐந்து முறை அழைக்கிறார். முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சாயலுள்ளவர் என்றால், “எனக்கு யாரும் வேண்டாம்” என்று போனை அணைக்கிறார்.

இந்தப் பழக்கங்களைப் பயிற்சியால் மாற்றலாம். யோக சூத்திரத்தில் பதஞ்சலி பயிற்சிக்கு வைத்த நிபந்தனைகள் மூன்று: நெடுங்காலம், இடைவிடாமை, ஈடுபாடு. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தின் எட்டு அங்கங்களைப் படிப்படியாக வகுத்தார். உறவிலும் அப்படித்தான் பழக வேண்டும். பதற்றம் எழும்போது மூச்சை மெல்ல, நீளமாக வெளிவிட்டால் இதயத் துடிப்பு தணியும். அதன்பின் ஒரே ஒரு செய்தி போதும்: “கவலையாக இருக்கு, நேரம் கிடைக்கும்போது கூப்பிடு.” விலகி ஓடும் பழக்கமுள்ளவர், “அரை மணி நேரத்தில் வந்து பேசுகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போகலாம், சொன்னபடி வரவும் வேண்டும். ஒருநாள் செய்தால் எதுவும் மாறாது. மாதக்கணக்கில் செய்தால், துணை திரும்பி வருவார் என்பதை உடலே கற்றுக்கொள்ளத் தொடங்கும்.

இந்தப் பயிற்சிக்கு எல்லை உண்டு. அடி உதையைப் பொறுத்துக்கொள்வது யோகம் ஆகாது. வீட்டில் வன்முறை இருந்தால் மலேசியாவின் தாலியான் காசே உதவிச் சேவையை 15999 எண்ணில் அழைக்க வேண்டும். துயரம் தனியே தாங்க முடியாதபோது, 1970 முதல் கோலாலம்பூரில் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பில் காதுகொடுத்துக் கேட்க ஆள் இருக்கிறார்கள்.